குஸ்தாவ் டோரேயும் அவர் படங்களைச் செதுக்கிய கைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்றாலையோடு மோதித் தூக்கியெறியப்படும் டான் குயிக்ஸாட், பாட்டியின் உடையில் படுத்திருக்கும் ஓநாயைப் போர்வைக்குள்ளிருந்து கண் விரியப் பார்க்கும் சிறுமி, இத்தாலியக் கவிஞர் தாந்தே பாடிய நரகத்தில் காற்றில் அடித்துச் செல்லப்படும் காதலர்கள். வரைந்தவர் பெயர் தெரியாவிட்டாலும் இந்தப் படங்களில் ஏதாவது ஒன்றையாவது நீங்கள் எங்கோ பார்த்திருப்பீர்கள். எல்லாம் 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரேயின் கற்பனை. இந்தப் படங்களின் அடியில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒரு மூலையில் டோரே, இன்னொரு மூலையில் வேறொருவர். அந்த இரண்டாவது பெயரையும் நீங்கள் படிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் இந்தக் கேள்வி பதில்களைத் தொகுத்திருக்கிறேன்.

டோரே யார்? முதலில் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1832 ஜனவரி 6 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் பிறந்தார். அப்பா சாலைகள், பாலங்கள் துறையில் அரசுப் பொறியாளர். 1841-இல் குடும்பம் பூர்-ஆன்-பிரெஸ் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தவர் இல்லை. கையில் கிடைத்த தாளிலெல்லாம் வரைந்து வளர்ந்த பையன்.

1847-இல் பாரிஸுக்கு வந்தபோது ஷார்ல் ஃபிலிப்போன் என்ற பத்திரிகை அதிபரின் கண்ணில் பட்டார். கேலிச்சித்திர உலகில் அவர் பெரிய ஆள். அந்த ஆண்டே, 15 வயதில், ஹெர்குலிஸின் சாகசங்களைக் கேலி செய்யும் படக்கதைப் புத்தகம் ஒன்று டோரே பெயரில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஃபிலிப்போனின் நகைச்சுவைப் பத்திரிகைக்கு வாரம் ஒரு பக்கம் வரைந்து தர ஒப்பந்தம். பையனுக்கு வயது வராததால் அப்பாதான் கையெழுத்துப் போட்டார். பகலில் பள்ளிக்கூடம், மற்ற நேரத்தில் பத்திரிகை வேலை.

1849-இல் அப்பா இறந்துபோனார். அப்புறம் அம்மாவும் பிள்ளையும் கடைசி வரை ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். டோரே கல்யாணமே செய்துகொள்ளவில்லை. 1881-இல் அம்மா இறந்தார். இரண்டே ஆண்டுகளில், 1883 ஜனவரி 23 அன்று, இவரும் போய்விட்டார். வயது 51. பாரிஸின் பெர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவரைப் பல இடங்களில் ‘மரச்செதுக்குக் கலைஞர்’ என்று எழுதுகிறார்களே. மரத்தில் செதுக்கியது அவரேதானா?

இல்லை. அவரைப் பற்றிப் பரவலாக இருக்கும் தவறான எண்ணம் இதுதான். டோரே மரக்கட்டையின் மேல் வரைந்தார். செதுக்கியவர்கள் வேறு ஆட்கள். அதைத் தொழிலாகவே கற்றுக்கொண்ட வல்லுநர்கள் அவர்கள். ஒரே நேரத்தில் பல செதுக்குக்காரர்கள் அவருடைய கட்டைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். அவர் வரைகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க ஒரு கை போதாது.

பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களை வரைந்தார் என்று பொதுவாகச் சொல்வார்கள். அத்தனையையும் ஒருவரே வரைந்து ஒருவரே செதுக்குவது மனித வாழ்நாளில் நடக்கிற காரியமா? இப்படிச் சொல்வதால் டோரேயின் பெருமை ஒன்றும் குறையாது. அவரோடு உழைத்தவர்களுக்குச் சேர வேண்டியது அவர்களுக்குப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

மரச்செதுக்கு என்றால் என்ன? மரவெட்டும் அதுவும் ஒன்றா?

இரண்டும் மரத்தில்தான், ஆனால் மரத்தை அறுக்கும் திசை வேறு.

மரவெட்டு மிகப் பழைய முறை. மரத்தை நெடுக்காக அறுத்த பலகையில், கத்தியாலும் உளியாலும் வெட்டுவது. நார் ஓடும் திசையில் கத்தி எளிதாகப் போகும். குறுக்கே போனால் பிய்த்துக்கொள்ளும். அதனால் மிக நுணுக்கமான கோடுகள் கடினம்.

மரச்செதுக்கில் மரத்தைக் குறுக்கே அறுத்து வில்லையாக எடுப்பார்கள். வாழைத்தண்டைக் கறிக்கு வட்டமாக நறுக்குகிறோமே, அந்த மாதிரி. பாக்ஸ்வுட் என்ற மரம்தான் இதற்கு ஏற்றது. மெல்ல வளர்வதால் நெருக்கமாக இறுகிப்போயிருக்கும். வில்லையின் முகத்தை வழவழப்பாக இழைத்துவிட்டால் நார்த் திசை என்ற தொல்லை கிடையாது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கோடு இழுக்கலாம். கருவியும் கத்தி இல்லை. செம்புத் தகட்டில் செதுக்குகிறவர்கள் வைத்திருக்கும் ‘பியூரின்’ என்ற கூர்முனைக் கருவி. அதன் குமிழ் உள்ளங்கையில் உட்காரும், முனை மரத்தைத் தலைமுடி மாதிரிச் சுருள் சுருளாகக் கீறி எடுக்கும். இந்த முறையை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் தாமஸ் பியூவிக் உச்சத்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து பிரான்சுக்கு வந்தது.

பதிப்பாளர்களுக்கு இது பிடித்துப்போனதற்கு வேறொரு காரணமும் உண்டு. செம்புத் தகட்டில் மை பள்ளத்தில் தங்கும். அதை அச்சிடத் தனி எந்திரம் வேண்டும். மரக்கட்டையிலோ மேடாக நிற்கும் பகுதிதான் மையை வாங்கும், அச்செழுத்தைப் போலவே. கட்டையின் கனத்தை அச்செழுத்தின் உயரமான சுமார் 23 மில்லிமீட்டருக்குச் சரியாக வைத்துவிட்டால், எழுத்தும் படமும் ஒரே சட்டத்தில் பூட்டப்பட்டு ஒரே அழுத்தில் விழுந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டில் படப் பத்திரிகைகள் பெருகியது இதனால்தான்.

அச்சு மை கறுப்பு மட்டும்தானே? டோரே படங்களில் மூடுபனியும் நிலா வெளிச்சமும் எப்படி வந்தன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சாம்பல் நிற மை என்று ஒன்று அங்கே கிடையாது. கட்டையில் ஓர் இடம் ஒன்று மையைத் தொடும், இல்லையென்றால் தொடாது. இடைப்பட்ட நிலையே இல்லை. நம் கண்ணுக்குத் தெரியும் சாம்பல் எல்லாம் கோடுகளின் நெருக்கத்தால் உண்டானது.

எதுவும் செதுக்காத கட்டையை அச்சிட்டால் முழுக் கறுப்பு விழும். செதுக்குகிறவர் கீறும் ஒவ்வொரு கோடும் வெள்ளையாக வரும். இருண்ட தரையில் வெள்ளைக் கோலம் போடுவதைப் போல, அவர் இருட்டுக்குள் வெளிச்சத்தைக் கொண்டுவந்து வைக்கிறார். கோடுகளை மெலிதாக, இடைவெளி விட்டுக் கீறினால் அடர்ந்த சாம்பல். நெருக்கி, அகலமாகக் கீறினால் வெளிர் சாம்பல். வானத்துக்கு நேர்கோடு, மேகத்துக்கு வளைகோடு, பாறைக்குக் குறுக்கும் நெடுக்குமாக, உடம்பின் சதைக்கு அதன் உருட்சியைத் தொடர்ந்து போகும் கோடு.

அதுவரை ஓவியர்கள் கட்டையில் பேனாவாலோ பென்சிலாலோ கோடு போட்டுத் தருவார்கள். செதுக்குகிறவர் அந்தக் கோட்டை அப்படியே விட்டுவிட்டுச் சுற்றியிருக்கும் மரத்தை எடுப்பார். டோரே அப்படிச் செய்யவில்லை. கட்டையில் வெள்ளைப் பூச்சு பூசி, அதன்மேல் தூரிகையால், நீர்த்த மையில், வண்ணம் தீட்டுவதைப் போல நிழலும் ஒளியும் இட்டார். அதில் கோடே இருக்காது, சாயல் மட்டும்தான் இருக்கும். அந்தச் சாயலை எந்தக் கோடாக மாற்றுவது என்று முடிவெடுத்தவர் செதுக்குக்காரர். வரைபவரும் கட்டையில் எல்லாவற்றையும் இடவல மாற்றி, கண்ணாடியில் தெரிவது போல வரைய வேண்டும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தோல் பையில் மணல் நிரப்பி, அதன்மேல் கட்டையை வைத்து, வளைவான கோடுகளுக்குக் கையைவிடக் கட்டையைத் திருப்புவார்கள். இரவு வேலைக்கு விளக்கின் முன் நீர் நிரப்பிய கண்ணாடிக் குண்டை வைத்து ஒளியை ஒரே இடத்தில் குவிப்பார்கள். ஒரு பெரிய படத்துக்கு வாரக்கணக்கில் ஆகும். தப்பாக ஒரு கோடு விழுந்தால் அழிக்க ரப்பர் கிடையாது. அந்த இடத்தைத் துளைத்தெடுத்து, புது மரத்துண்டைச் செருகி, மறுபடி இழைத்துச் செதுக்க வேண்டும்.

அந்த இரண்டாவது பெயர்கள் யாருடையவை?

அடிக்கடி கண்ணில் படுவது எலியோதோர் பிஸான். 1822-இல் பிறந்தவர், 1890-இல் இறந்தார். டான் குயிக்ஸாட்டின் படங்களைச் செதுக்கியவர் இவர்தான். ஸ்பெயினின் வெயில் அந்தப் படங்களில் எரிக்கிறது என்றால் பாதிப் புகழ் பிஸானின் பியூரினுக்குப் போக வேண்டும். அடோல்ஃப் பன்மாக்கர் இன்னொருவர். இவர் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர், டோரே பிறப்பதற்கு 10 ஆண்டு முன்னால். காடுகளையும் இலைகளையும் இவர் செதுக்கும் விதம் அலாதியானது. குஸ்மான், ஜோனார், லிஞ்ஞி, லப்லான்த் என்று இன்னும் பல பெயர்களைப் பார்க்கலாம்.

ஒரே புத்தகத்தில் பிஸான் செதுக்கிய பக்கத்தையும் இன்னொருவர் செதுக்கிய பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஒருவர் வானத்தைப் பட்டுத்துணி மாதிரி ஆக்குவார், இன்னொருவர் அதையே உழுத வயல் மாதிரி ஆக்குவார். வரைந்தவர் ஒருவரே என்பதால் இந்த வேறுபாடு இன்னும் பளிச்சென்று தெரியும்.

கேலிச்சித்திரம் போட்டுக்கொண்டிருந்தவர் தாந்தேயின் நரகத்துக்கு எப்படி வந்தார்?

பத்திரிகையில் பெயர் கிடைத்தபின் 1854-இல் பழைய பிரெஞ்சு எழுத்தாளர் ராபலேயின் கதைகளுக்குப் படம் வரைந்தார். அதே ஆண்டு ரஷ்ய வரலாற்றைக் கேலி செய்து 500-க்கும் மேற்பட்ட சிறு படங்களோடு ஒரு புத்தகம். ரஷ்யாவோடு பிரான்ஸ் மோதிய கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. படக்கதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு முன்னோடியாக மதிக்கிறார்கள். கொடூரமான ஜார் மன்னரின் ஆட்சியைக் காட்ட வேண்டிய பக்கத்தில் ஆளையே வரையாமல் ஒரு பெரிய சிவப்புக் கறையை மட்டும் இட்டிருக்கிறார். 22 வயதில் தோன்றிய யோசனை! 1855-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பால்சாக்கின் குறும்புக் கதைகளுக்கு 400-க்கும் மேற்பட்ட படங்கள்.

ஆனால் மனம் வேறிடத்தில் இருந்தது. உலக இலக்கியத்தின் பெரும் படைப்புகளை எல்லாம் ஒரே அளவிலான பெரிய புத்தகங்களாக, தன் படங்களோடு கொண்டுவர வேண்டும் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார். தாந்தே, டான் குயிக்ஸாட்டை எழுதிய செர்வான்டெஸ், ஆங்கிலக் கவிஞர் மில்டன், ஷேக்ஸ்பியர் என்று அது நீளும். முதலில் தாந்தேயின் நரகத்தை எடுத்துக்கொண்டு அஷெட் பதிப்பகத்திடம் போனார். விலை 100 பிராங்க் வைக்க வேண்டிய புத்தகத்தை யார் வாங்குவார்கள் என்று அவர்கள் தயங்கினார்கள். சரி, செலவை நானே ஏற்கிறேன் என்று டோரே கைக்காசைப் போட்டார். 1861-இல் புத்தகம் வந்தது, விற்றும் தீர்ந்தது. பதிப்பாளர் தன்னையே கழுதை என்று திட்டிக்கொண்டு, உடனே வரச்சொல்லி டோரேக்குத் தந்தி கொடுத்ததாக ஒரு கதை உண்டு. அந்த ஆண்டே பிரெஞ்சு அரசு அவருக்கு லெஜியன் ஆஃப் ஹானர் விருது கொடுத்தது.

எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம்?

பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் தேவதைக் கதைகளிலிருந்து தொடங்குங்கள். 1862 என்று தேதியிட்ட பதிப்பு, வெளியிட்டவர் எட்ஸெல். குழந்தைகளுக்கான கதைகள்தான், ஆனால் டோரே குழந்தைகளை ஏமாற்றவில்லை. காட்டில் தொலைந்த சிறுவர்களின் படத்தில் மரங்கள் எவ்வளவு பெரியவை, பிள்ளைகள் எவ்வளவு சிறியவர்கள் என்று பாருங்கள். சின்ன வயதில் இருட்டைப் பார்த்துப் பயந்தவர்களுக்கு அந்த அளவு சரியாகப் புரியும். அந்தச் சிறுமியும் ஓநாயும் இருக்கும் படத்தில், அவள் முகத்தில் பயமும் ஆர்வமும் கலந்திருக்கிறது. அது எப்படி வெறும் கோடுகளில் வந்தது என்று எனக்கு இன்னும் வியப்புதான்.

அடுத்து 1863-இல் வந்த டான் குயிக்ஸாட். பெரிய முழுப்பக்கப் படங்களும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் சிறு படங்களுமாகச் சுமார் 370. ஒல்லியான, உயரமான வீரனும் குண்டான பணியாளனும் என்ற உருவம் இன்று உலகம் முழுக்க நம் மனதில் பதிந்திருப்பதில் இந்தப் பதிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அப்புறம் நரகம். 1870-களின் நடுவில் வந்த, ஆங்கிலக் கவிஞர் கோலரிட்ஜின் கிழட்டு மாலுமியைப் பற்றிய கவிதைக்கான படங்கள், பனிக்கடலையும் தனிமையையும் காட்டுவதில் அவர் தொட்ட உச்சம் என்பது என் கருத்து. மில்டனின் கவிதைக்கும் லா ஃபோன்தேனின் நீதிக்கதைகளுக்கும் வரைந்தவையும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவசரமாக வரைந்த பக்கங்கள் அவற்றில் தெரிகின்றன. ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம் அது.

பைபிள் படங்கள் ஏன் அவ்வளவு தூரம் பரவின?

பிரான்சில் தூர் என்ற நகரத்தின் மாம் பதிப்பகம் 1866-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்ட பைபிளில் 200-க்கும் மேற்பட்ட முழுப்பக்கப் படங்கள் இருந்தன. அது பரவியதற்கு அச்சுத் தொழிலில் ஒரு காரணம் உண்டு.

மரக்கட்டையை நேரடியாக எந்திரத்தில் போட்டு அச்சிட்டால் நாளடைவில் தேயும், விரியும். அதனால் கட்டையை மெழுகில் பதித்து அச்செடுத்து, அந்த மெழுகின் மேல் மின்சாரம் மூலம் செம்பைப் படியவைத்து, பின்பக்கம் ஈயக் கலவையை ஊற்றித் தகடு செய்வார்கள். நம் அச்சகங்களில் ‘பிளாக்’ என்று சொன்னார்களே, அதன் மூதாதை. மூலக்கட்டை பத்திரமாக இருக்கும், தகடுகளை எத்தனை வேண்டுமானாலும் செய்யலாம். வெளிநாட்டுப் பதிப்பாளர்களுக்கும் விற்கலாம். லண்டனில் கஸ்ஸல் நிறுவனம் ஆங்கிலப் பைபிளை அப்படித்தான் கொண்டுவந்தது. மற்ற மொழிகளிலும் இதே படங்கள் போயின. சொற்களை மட்டும் மொழிபெயர்த்தால் போதும், படத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாமே. மோசேயும் சிம்சோனும் எப்படி இருப்பார்கள் என்று கேட்டால் பலருக்கு முதலில் நினைவில் எழும் உருவம், தெரிந்தோ தெரியாமலோ, டோரேயின் உருவம்தான்.

லண்டனைப் பற்றி அவர் செய்த புத்தகம் எதைப் பற்றியது?

1860-களின் இறுதியில் லண்டனின் நியூ பாண்ட் தெருவில் அவர் ஓவியங்களுக்கென்றே ஒரு கூடம் திறந்தது. கட்டணம் கொடுத்து மக்கள் பார்த்தார்கள், 1892 வரை அது நடந்தது. சொந்த நாட்டில் கிடைக்காத மரியாதை அங்கே கிடைத்தது.

அந்தச் சமயத்தில் எழுத்தாளர் பிளான்சார்ட் ஜெரால்ட், நகரத்தை மேலிருந்து கீழ் வரை படம்பிடிக்கும் புத்தகம் ஒன்றைச் சேர்ந்து செய்யலாம் என்றார். இருவரும் இரவுகளில் கப்பல்துறைகள், அபின் புகைக்கும் விடுதிகள், வீடற்றவர்களின் தங்குமிடங்கள் என்று சுற்றினார்கள். டோரே அங்கேயே உட்கார்ந்து அதிகம் வரைய மாட்டார். ஓரிரு குறிப்புகள் எடுத்துக்கொண்டு மீதியை நினைவிலிருந்து வரைவார். அவருடைய நினைவாற்றல் அப்படி. 1872-இல் 180 படங்களோடு புத்தகம் வந்தது. குதிரைப் பந்தயத்தையும் பூங்காக்களையும் வரைந்திருக்கிறார். ஆனால் நம் மனதில் நிற்பவை ரயில் பாலத்தின் கீழ் வரிசை வரிசையாக அடைந்துகிடக்கும் வீடுகளும், பாலத்தில் குழந்தைகளோடு சுருண்டு கிடக்கும் குடும்பமும்தான். ஏழ்மையை அளவுக்கு மீறிக் காட்டிவிட்டார் என்று அப்போது சில விமர்சகர்கள் கோபப்பட்டார்கள். உள்ளதைத்தான் வரைந்தார் என்று நான் நம்புகிறேன்.

வான்கோவுக்கும் டோரேக்கும் என்ன தொடர்பு?

லண்டன் புத்தகத்தில் நியூகேட் சிறையின் முற்றம் ஒரு படம். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே கைதிகள் வட்டமாக நடந்துகொண்டிருப்பார்கள். 1890-இல், சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, வான்கோ அந்தப் படத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். இப்போது மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் முன்னாலிருந்தது கறுப்பு வெள்ளை அச்சு. நீலமும் பச்சையும் அவர் சேர்த்தது.

அந்த மூலப் படத்தைச் செதுக்கியவர் யார் தெரியுமா? நம் பிஸான். சுவரின் ஒவ்வொரு கல்லும் தனித்தனிக் கோட்டுக் கூட்டமாக அதில் இருக்கும். வான்கோவின் தூரிகை வீச்சுகளும் சுவரில் கல் கல்லாக ஓடுகின்றன. செதுக்குக்காரரின் கோடு ஓவியரின் வண்ணத்துக்குள் நுழைந்துவிட்டதை அங்கே பார்க்கிறேன்.

அவரே வண்ண ஓவியமும் சிற்பமும் செய்தாரே, அவை எப்படி?

அவருக்கு அதில்தான் ஆசை அதிகம். பெரிய ஓவியராக மதிக்கப்பட வேண்டும் என்று கடைசி வரை ஏங்கினார். ஸ்ட்ராஸ்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஏசுவின் ஓவியம் ஒன்று ஏறக்குறைய 6 மீட்டர் உயரம், 9 மீட்டர் அகலம். பாரிஸ் விமர்சகர்கள் அவரைப் ‘படம் போடுகிறவர்’ என்ற பெட்டியை விட்டு வெளியே விடவில்லை. 1871-இல் பிரான்ஸ் போரில் தோற்று, அவர் பிறந்த அல்சாஸ் ஜெர்மனி கைக்குப் போனபோது சாம்பல் வண்ணத்தில் தீட்டிய ‘புதிர்’ என்ற ஓவியம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய ஓவியங்களில் என்னை உலுக்குவது அது. வண்ணம் இல்லாதபோதுதான் அவர் கை முழுதாக விடுதலை அடைகிறதோ என்று தோன்றும். சிற்பத்தில், பாரிஸில் நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமாவுக்கு அவர் செய்த நினைவுச்சின்னம் அவர் இறந்த அதே 1883-இல் திறக்கப்பட்டது.

அவர் கட்டையில் வரைந்த மூலச் சித்திரங்கள் எங்கே?

செதுக்கும்போதே அழிந்துபோயின. சித்திரம் மரத்தின் மேல்தான் இருந்தது, கருவி அதைத்தான் கீறியது. செதுக்கி முடித்தால் மூலம் இல்லை. 1860-களிலிருந்து சித்திரத்தைப் புகைப்படமாகக் கட்டைக்கு மாற்றும் வழி மெல்ல வந்தது. அதனால் தாளில் வரைந்தவை சில தப்பின.

இந்தத் தொழில் பிறகு என்ன ஆனது?

புகைப்படத்திலிருந்து நேராக உலோகத் தகடு செய்யும் முறை 1880-களிலும் 90-களிலும் வந்ததும், செதுக்குக்காரர்களின் பிழைப்பு போனது. வருடக்கணக்காகக் கற்ற கைத்திறன் சில ஆண்டுகளில் தேவையற்றதாகிவிட்டது.

ஆனால் கலை சாகவில்லை. ஒகுஸ்த் லெபேர் என்பவர் 1849-இல் பாரிஸில் பிறந்து, சிறுவனாகவே செதுக்குப் பட்டறையில் சேர்ந்து, பத்திரிகைகளுக்காக மற்றவர்களின் சித்திரங்களைச் செதுக்கிக்கொண்டிருந்தவர். பின்னர் தானே வரைந்து, தானே செதுக்கி, அச்சையும் தானே கவனித்தார். பாரிஸின் தெருக்களும் சேன் ஆற்றங்கரையும் அவர் கட்டைகளில் உயிரோடு இருக்கின்றன. 1903-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஹுயிஸ்மான்ஸின் நாவல் ஒன்றுக்கு 220 வண்ண மரச்செதுக்குகள் செய்தார். வரைபவரும் செதுக்குபவரும் ஒருவரேதானா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் சொல்லத்தக்க பிரெஞ்சுக் கலைஞரைத் தேடினால் இவரிடம் போங்கள். 1918-இல் இறந்தார்.

பழைய டோரே படம் ஒன்று கடையில் கிடைத்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

உருப்பெருக்கியால் பாருங்கள். சாம்பல் பகுதி கோடுகளாகப் பிரிந்தால் மரச்செதுக்கிலிருந்து வந்த அச்சு. சீரான புள்ளிகளாகப் பிரிந்தால் பிற்காலப் புகைப்படத் தகட்டிலிருந்தோ ஆஃப்செட்டிலிருந்தோ வந்த நகல். பெரிய படத்தில் நேராக ஓடும் மெல்லிய வெள்ளைக் கீற்று தெரிந்தால் கவலை வேண்டாம். பாக்ஸ்வுட் ஒல்லியான மரம் என்பதால் பல துண்டுகளை இணைத்துத்தான் பெரிய கட்டை செய்வார்கள். அந்தக் கீற்று இணைப்பின் தடம். பெரும்பாலானவை பழைய புத்தகங்களிலிருந்து பிரித்தெடுத்த தாள்கள்தான். ஆயிரக்கணக்கில் அச்சானவை, ஆகவே அரிய பொருள் என்று சொல்லி யாராவது பெரிய விலை கேட்டால் நிதானமாக இருங்கள்.

இலவசமாகப் பார்க்க முடியுமா? பயன்படுத்தலாமா?

முடியும். படங்களுக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் பழைய பதிப்புகள் பலவற்றை முழுப் புத்தகமாகவே புரட்டலாம். நேரில் போக வாய்ப்பிருந்தால் ஸ்ட்ராஸ்பர்க்கின் நவீன கலை அருங்காட்சியகமும் பூர்-ஆன்-பிரெஸ் ஊரின் புரூ மடாலய அருங்காட்சியகமும் அவரை வளர்த்த ஊர்களிலேயே இருக்கின்றன. தளத்தில் பார்க்கிறவர்கள் படத்தை முழுதாக ஒருமுறை பார்த்த பிறகு, பெரிதாக்கிக்கொண்டே கீழ் மூலைக்குப் போங்கள். நரகத்தின் பாறைகளுக்கு நடுவே, சில நேரம் புல்லோடு புல்லாக, அந்த இரண்டாவது பெயர் இருக்கும்.